ஜப்பானில் நடனம் கற்கப் போகிறீர்களா? மேடைக்குச் சரி சொல்லும் முன் இதைப் படியுங்கள்

ஜப்பானிய நடனத்தில் ஒரே ஒரு மேடைக்காக எனக்குச் செலவானது 6 லட்சத்து 40 ஆயிரம் யென். நம் ஊர்க் கணக்கில் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். அது போக ஏறக்குறைய இரண்டு வருட மாதக் கட்டணம், மாதக்கணக்கில் படுத்திய முழங்கால் வலி, சேமிப்பு கரைந்ததை வீட்டில் சொல்ல முடியாமல் புரண்டு படுத்த இரவுகள். அந்த நாட்களில் இதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடித் தேடிப் பார்த்தேன். பயணக் கட்டுரைகள் கிடைத்தன, கிமோனோ கட்டிக்கொண்டு எடுத்த படங்கள் கிடைத்தன. கற்றுக்கொள்ளப் போனால் என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வேலைக்கோ படிப்புக்கோ ஜப்பான் வந்து, இந்த நடனத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கப்போகும் அடுத்த ஆளுக்காக இதை எழுதுகிறேன். பக்கத்திலேயே போகாதீர்கள் என்று பயமுறுத்த வரவில்லை. இந்தக் கலையின் ஆழமான பகுதி எதுவோ, அதற்குத்தான் செலவு மிகக் குறைவு. எனக்கு அது தெரியவர இரண்டு வருடம் ஆனது.

நான் வளர்ந்தது கும்பகோணத்தில். சின்ன வயதிலிருந்தே பரதம் கற்றவள். மென்பொருள் வேலைக்காக டோக்கியோ வந்து, நம் ஆட்கள் நிறைய இருக்கும் நிஷி கசாய் பக்கம் வீடு எடுத்தேன். கின்ஸாவில், பாட்டும் ஆட்டமும் கலந்து ஆண்களே நடிக்கும் கபுகி நாடகத்துக்கான கபுகி-ஸா அரங்கில் ஒரே ஓர் உருப்படியை மட்டும் பார்க்க, மேல் மாடி இருக்கைகளுக்குக் குறைந்த விலையில் தனியாகச் சீட்டு தருவார்கள். அப்படிப் போய் ஒரு நடன உருப்படி பார்த்தேன். ஆடியவர் திரும்பினார், நின்றார், விசிறியை மெல்ல இறக்கினார். அவ்வளவுதான். ஆனால் பனி பெய்வதை நான் கண்ணால் பார்த்தேன். நாங்கள் முகத்திலும் கண்ணிலும் இத்தனை வேலை செய்து கொண்டுவருவதை இவர் முகத்தை அசைக்காமலே எப்படிக் கொண்டுவந்தார் என்ற கேள்வி விடவே இல்லை. அடுத்த மாதமே நிஹோன் புயோ சொல்லித்தரும் ஓர் ஆசிரியையிடம் சேர்ந்துவிட்டேன். கபுகியின் நடனம், அதற்கு முந்தைய 'நோ' நாடகத்தின் நடை, ஊர்த் திருவிழா ஆட்டம் எல்லாம் கலந்து வந்த செவ்வியல் நடனத்துக்கு அதுதான் பெயர்.

வகுப்பு ஒரு பழைய மரவீட்டின் மாடியில். உள்ளே போனதும் மண்டியிட்டு உட்கார்ந்து, மூடிய விசிறியை நம் முழங்காலுக்கு முன்னால் கிடையாக வைத்துத் தலை தாழ்த்தி வணங்கவேண்டும். விசிறிக்கு அந்தப் பக்கம் சென்செய், அதாவது ஆசிரியை; இந்தப் பக்கம் மாணவி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாடம் நடக்கும். மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். அந்தப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் பாதிப் பாடம். எங்கள் வகுப்பில் கைப்பேசியில் படம் பிடிக்க அனுமதி கிடையாது. மறந்துபோகுமே என்று முதலில் தவித்தேன். பிறகு வகுப்பு முடிந்ததும் ரயிலில் உட்கார்ந்து, பாதம் எந்தப் பக்கம், விசிறி எந்தக் கையில் என்று குச்சி மனிதர்களாக வரைந்து வைக்கப் பழகினேன். அனுமதி இருக்கிறதா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள், இடத்துக்கு இடம் மாறும். இல்லை என்றாலும் வருத்தப்பட வேண்டாம். படம் எடுக்க முடியாததால் கண் கூர்மையாகிறது.

பரதம் கற்றவர்களுக்கு இந்த நடனம் சுலபமாக வரும் என்று பலரும் நினைப்பார்கள். உடம்புக்கு அது நேர் எதிர். அரைமண்டியில் முழங்கால்கள் வெளிப்பக்கம் விரியும். இங்கே பெண் பாத்திரம் ஆடும்போது முழங்கால்கள் இரண்டும் ஒட்டியிருக்கவேண்டும், கால் விரல்கள் சற்று உள்நோக்கி இருக்கவேண்டும், இடுப்பு மட்டும் தாழவேண்டும். சென்செய் என் முழங்கால்களுக்கு நடுவில் ஒரு காகிதத்தைச் செருகி, அது விழாமல் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கச் சொன்னார். குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. வெள்ளைத் துணிக் காலுறை மரத்தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்துக் கீழே இறக்கவேண்டும், அப்போதுதான் தோள் சரிந்து கழுத்து நீண்டு தெரியும். ஆணான கபுகி நடிகர் பெண்ணாகத் தெரிவதற்குக் கண்டுபிடித்த உபாயங்கள் இவை. அவற்றைப் பெண்ணான நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது முதலில் விநோதமாக இருந்தது. பிறகு பிடித்துப்போனது. பெண் உடம்பைக் காட்டுவது இங்கே நோக்கம் இல்லை. பெண் என்ற எண்ணத்தைக் கோடு கோடாக வரைந்து காட்டுகிறார்கள்.

மிகக் கஷ்டம் முகம்தான். கை போன இடத்தில் கண் போகவேண்டும், கண் போன இடத்தில் மனம் போகவேண்டும் என்று கேட்டு வளர்ந்தவளுக்கு, புருவம் அசைந்தால்கூட "அதிகம், அதிகம்" என்று சொல்லும் ஆசிரியை வாய்த்தார். தலையை மூன்று சின்ன அசைவாகத் திருப்பும் ஒரு முறை உண்டு. ஒரு பெண்ணின் கூச்சமும் ஆசையும் அந்த மூன்று அசைவுக்குள் வந்துவிடவேண்டும். நான் அதைச் செய்யும்போதெல்லாம் என் கண் முந்திக்கொண்டது. பல மாதங்கள் அதற்கே போயின. மாறாக விசிறி எனக்குச் சீக்கிரம் வசப்பட்டது. முத்திரை பழகிய கைக்கு, ஒரே பொருள் கள்கிண்ணமாகவும் கடிதமாகவும் அலையாகவும் ஃபுஜி மலையாகவும் ஆவது புதிது இல்லையே. நடன விசிறிக்குப் பத்துக் குச்சிகள். அடிப்பக்கம் ஈயம் வைத்துக் கனம் கூட்டியிருப்பார்கள், அதனால்தான் விரலில் சுழற்றினாலும் சாயாமல் நிற்கிறது. சுற்றுலாக் கடையில் விற்கும் விசிறியில் இது வராது. நடனப் பொருள் கடையில் பயிற்சி விசிறி என்று கேளுங்கள், ஐந்தாயிரம் யென் அளவில் நல்லது கிடைக்கும். யுகத்தா என்ற எளிய பருத்திக் கிமோனோவும் இடுப்புப் பட்டையும் பழைய கிமோனோ விற்கும் கடைகளில் மிக மலிவு. காலுறையை மட்டும் புதிதாக, சரியான அளவில், இறுக்கமாக வாங்குங்கள். யுகத்தாவை இடப்பக்க விளிம்பு மேலே வரும்படி உடுத்தவேண்டும் என்பதை மறக்காதீர்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

முழங்காலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்காருவது சில நிமிடத்தில் மரத்துப்போகும், அது எல்லாருக்கும் தெரியும். மரத்த காலோடு சட்டென்று எழுந்தால் கணுக்கால் மடங்கிவிடும் என்பதை ஒரு மூத்த மாணவிதான் சொன்னார். எழுவதற்குக் கொஞ்சம் முன்பே கால் விரல்களை மடக்கி ஊன்றி, அந்த நிலையில் சற்று இருந்துவிட்டு எழவேண்டும். ஒட்டிய முழங்காலோடு நெடுநேரம் தாழ்ந்து நிற்பது வேறு பிரச்சினை. தொடைத் தசை போதாவிட்டால் பாரம் முழுக்க முழங்கால் சில்லில் இறங்குகிறது. வலித்தால் சொல்லுங்கள். சொன்னால் மரியாதைக் குறைவு என்று நான் பொறுத்துக்கொண்டிருந்த அதே அறையில், எழுபது வயது மாணவி ஒருவர் யாரும் ஒன்றும் சொல்லாமல் சின்ன மரப்பலகைப் பீடத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்டிருந்தால் எனக்கும் ஒன்று கிடைத்திருக்கும்.

இசைக்கும் பழக நாளாயிற்று. தாளம் போட்டு எண்ணி ஆடிப் பழகிய எனக்கு, ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் ஒரு பக்கம் போக, பாட்டு அதற்குச் சற்றுப் பிந்தியே வருவது தப்பாகவே கேட்டது. இடம் எங்கே, எடுப்பு எங்கே என்று தேடித் தேடித் தடுமாறினேன். அது தப்பு இல்லை, வேண்டுமென்றே அப்படித்தான் பாடுகிறார்கள். குரலுக்கும் தந்திக்கும் நடுவே விடும் அந்த இடைவெளியில்தான் ஆடுபவர் நிற்கிறார். சென்செய் ஒரு நாள் ஷாமிசெனை நிறுத்திவிட்டு, கை மத்தளக்காரர் கொடுக்கும் "யோ" என்ற கூவலுக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் என்னைச் சும்மா நிற்கச் சொன்னார். மூச்சு மட்டும் இறங்கவேண்டும். நான் நின்றேன். "இப்போது நீ காத்துக்கொண்டிருக்கிறாய். காத்திருக்காதே, ஆடு" என்றார். அசையாமல் ஆடுவது என்ன என்று அன்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பாடத்துக்கு மட்டும் இன்னொரு முறை பணம் கட்டச் சொன்னாலும் கட்டுவேன்.

இனி செலவுக் கதை. ஒரு வருடம் ஆனதும் சென்செய், அடுத்த ஆண்டு கலைநிகழ்ச்சி இருக்கிறது, நீ ஃபுஜி முசுமே ஆடலாம் என்றார். விஸ்டீரியாப் பூங்கொடியைத் தோளில் சாய்த்து, கருப்பு அரக்குத் தொப்பி அணிந்து வரும் பெண்ணின் நடனம் அது. 1826-இல், இன்றைய டோக்கியோவான எடோ நகரில் முதன்முதலாக ஆடப்பட்டது. ஓட்ஸு என்ற ஊரில் வழிப்போக்கர்களுக்கு விற்ற நாட்டுப்புற ஓவியங்களிலிருந்து வந்த பாத்திரம். 1937-இல் ஆறாம் கிகுகொரோ என்ற கபுகி நடிகர், மேடை முழுக்க மாபெரும் மரமும் மலைக்கவைக்கும் அளவில் பூங்கொத்துகளுமாகக் காட்சியை மாற்றினார். அவற்றின் நடுவே ஆடுபவர் சின்னஞ்சிறு பெண்ணாகத் தெரியவேண்டும் என்பதற்காக. அப்படிப்பட்ட உருப்படியை, வெளிநாட்டுக்காரியான எனக்குத் தருகிறேன் என்கிறார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஊருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "அரங்கேற்றம் மாதிரியா?" என்று அம்மா கேட்டார். அப்படித்தான் என்றேன்.

எவ்வளவு ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. இந்த வட்டத்தில் சென்செய் வாயால் தொகையைச் சொல்வதும் மாணவி வாயால் கேட்பதும் பழக்கமில்லை. விக் செய்பவர் வந்து என் தலையை அளந்து போனார். நிகழ்ச்சி நிரலில் என் பெயரை அச்சடித்தார்கள். அதன் பிறகுதான் ஓர் உறையில் காகிதம் வந்தது. அரங்குக்கும் ஏற்பாட்டுக்கும் பங்கேற்புக் கட்டணம் 1 லட்சத்து 80 ஆயிரம் யென். உடை வாடகையும் உடுத்திவிடுபவர்களும் 1 லட்சத்து 10 ஆயிரம். பாடகர், ஷாமிசென், மத்தளம், குழல் எல்லாம் நேரடி இசை, அதில் என் பங்கு ஒன்றரை லட்சம். விக் 65 ஆயிரம். முகத்தில் ஒப்பனை எழுதுபவருக்கு 25 ஆயிரம். அந்தக் காகிதத்தில் இல்லாதவை வேறு. சென்செய்க்கு அன்பளிப்பு உறை 50 ஆயிரம், மேடைக்குப் பின்னால் உதவுபவர்களுக்கு உறைகளாக 20 ஆயிரம், எல்லாருக்கும் மதியச் சாப்பாட்டுப் பெட்டி, பார்க்க வருபவர்களுக்குச் சின்னப் பரிசு, புகைப்படம் என்று இன்னும் 40 ஆயிரம். ரயிலில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டது. பின்வாங்கினால் இசைக்காரர்கள் பங்கு மற்றவர்கள் தலையில் விழும். அதனால் கட்டினேன். அம்மா கேட்டபோது பாதித் தொகையைத்தான் சொன்னேன்.

யாராவது ஏமாற்றினார்களா என்றால் இல்லை. அந்தக் கோபம் எனக்கு நெடுநாள் இருந்தது, வரலாற்றைப் படித்த பிறகுதான் தணிந்தது. 1603-இல் கியோட்டோவில் ஒகுனி என்ற பெண் ஆடிய ஆட்டத்திலிருந்துதான் கபுகியே தொடங்கியது. 1629-இல் அரசு பெண்களை மேடையிலிருந்து விலக்கிவிட்டது. அந்தத் தடை என்றோ போய்விட்டாலும் இன்றும் கபுகி மேடை ஆண்களுடையதுதான், அபூர்வமாக ஓரிருவர் தவிர. இடைப்பட்ட காலத்தில் இந்த நடனங்களைப் பெண்கள் வீடுகளில் கற்றார்கள். பிரபுக்களின் அந்தப்புரத்தில் ஆடிக்காட்டவும் சொல்லித்தரவும் பெண் ஆசிரியைகள் இருந்தார்கள். ஒரு பெண் ஃபுஜி முசுமேயை முழு உடையோடு ஆட விரும்பினால், அரங்கத்தையும் விக் செய்பவரையும் இசைக்காரரையும் தன் காசில் அமர்த்திக்கொள்வதைத் தவிர அவளுக்கு வழி இருந்ததில்லை. அந்தக் கைவினைஞர்கள் பிழைப்பதும் இந்த நிகழ்ச்சிகளை நம்பித்தான். இப்போது இன்னொரு நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. 1966-இல் திறந்த டோக்கியோவின் தேசிய நாடக அரங்கம், புதிதாகக் கட்டுவதற்காக 2023 அக்டோபரில் மூடப்பட்டது. நடனத்துக்கு ஏற்ற மேடை கிடைப்பதே அதன் பிறகு கஷ்டமாகிவிட்டது. இதெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் சேர வருகிறவளிடம் முதல் நாளே சொல்லலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது இது. சேருவதற்கு முன் வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். சென்செயிடம் மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு, வெளியே வரும்போது மூத்த மாணவி ஒருவரிடம், போன நிகழ்ச்சிக்கு மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேளுங்கள். அவர்கள் சொல்லிவிடுவார்கள், இந்தப் பேச்சு அவர்களுக்குள் சகஜம். உறைகளையும் சேர்த்தா என்று மறக்காமல் கேளுங்கள். மேடைக்குக் கூப்பிட்டால், சம்மதம் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: பதிவு இசைக்கு ஆடலாமா, கோடையில் யுகத்தாவிலேயே ஆடும் சின்ன நிகழ்ச்சி உண்டா, விக்கும் வேஷமும் இல்லாமல் சாதாரணக் கிமோனோவில் ஆடலாமா. கடைசியில் சொன்னதற்கு சு-ஒதோரி என்று பெயர், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அன்பளிப்பு உறை விஷயத்தில், புத்தம்புதிய நோட்டுகளாக வங்கியில் மாற்றி வையுங்கள். பழைய நோட்டு துக்க வீட்டுக்கு. உறையின் மேல் கட்டியிருக்கும் நூல், இழுத்தால் அவிழும் முடிச்சாக இருக்கவேண்டும். அவிழாத முடிச்சு கல்யாணத்துக்கு, அதாவது இன்னொரு முறை நடக்கக்கூடாததற்கு.

நிகழ்ச்சி நாளைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. முகம் எழுதுபவர் முதலில் கெட்டி மெழுகை உள்ளங்கையில் தேய்த்து இளக்கி, என் முகத்திலும் கழுத்திலும் தட்டித் தட்டி ஏற்றினார். அதன் மேல் தண்ணீரில் கரைத்த வெள்ளையைத் தட்டைத் தூரிகையால் ஒரே வீச்சில் இழுத்தார். பிடரியில் தூரிகை படும்போது முதுகுத்தண்டு வரை குளிர்ந்தது. என் மாநிறம் மறைய அவர் கூடுதலாக ஒரு பூச்சுப் பூசவேண்டியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் பூசினார். கண்ணாடியில் என் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புருவமும் போனது, உதடும் போனது. இத்தனை மாதம் சென்செய் சொன்ன "அதிகம்" அப்போதுதான் விளங்கிற்று. என் முகத்தை வைத்துக்கொண்டு நான் செய்யும் எதற்கும் இங்கே இடமில்லை. பிறகு விக். உள்ளே செப்புத் தகடு, தலை அளவுக்குத் தட்டிச் செய்தது. அது இறங்கியதும் நெற்றிப்பொட்டில் அழுத்தம் தொடங்கியது, விக்கைக் கழற்றும் வரை விடவில்லை. உடை கட்டிய பிறகு கழிவறைக்குப் போக முடியாது. உட்காரவும் முடியாது. காலையிலேயே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, அதன் பிறகு ஒரு வாய் அளவு சோற்றுருண்டைகளும் உறிஞ்சு குழாயும் வைத்துக்கொள்ளுங்கள். விக் அளவெடுக்கும்போது வலித்தால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள், தட்டிச் சரிசெய்ய வாய்ப்பு அப்போதுதான்.

கும்மிருட்டில் நடனம் தொடங்கும். பாட்டு மட்டும் கேட்கும், சட்டென்று எல்லா விளக்கும் எரியும், பூங்கொத்துகளுக்கு நடுவில் பெண் நிற்பாள். அந்த இருட்டில் நின்றபோது எனக்குப் பயம் இருக்கவில்லை, பெரிய சந்தோஷம் இருந்தது. அதை மறைக்கமாட்டேன். ஆனால் ஆடி முடித்து வந்தபோது மனதில் ஓர் ஏமாற்றம். உடையைச் சமாளிப்பதிலும் விக் ஆடாமல் பார்த்துக்கொள்வதிலும் பாதிக் கவனம் போயிருந்தது. எந்த அமைதிக்காக இந்தக் கலைக்குள் வந்தேனோ, அது மேடையில் என் பக்கம் வரவே இல்லை.

அடுத்த வாரம் இடது முழங்கால் வீங்கியது. எலும்பு மருத்துவர் மாதக்கணக்கில் மண்டியிடக் கூடாது என்றார். தேசிய மருத்துவக் காப்பீட்டில் நம் பங்கு 30 சதவீதம்தான், ஆகவே வலியைத் தள்ளிப்போடாமல் உடனே போய்ப் பாருங்கள். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாக வீட்டில் கிடந்தபோதுதான் தேர்வுப் பேச்சு வந்தது. குருகுலத் தலைவர் முன் ஆடித் தேறினால் அந்தக் குலத்தின் குடும்பப் பெயரோடு நமக்கு ஒரு மேடைப் பெயர் தருவார்கள். ஹனயாகி, ஃபுஜிமா, வகயாகி, நிஷிகவா, பண்டோ என்ற ஐந்து பெரிய குலங்களும் கியோட்டோ, ஒசாகா பக்கத்துக் குலங்களும் இன்னும் எத்தனையோ சின்னக் குலங்களும் இப்படித்தான் நடக்கின்றன. நடன அமைப்புகூட அந்தந்தக் குலத்துக்கு உரியது. எங்கள் இடத்தில் அந்தப் பெயருக்கான செலவு மேடைச் செலவை விட அதிகம். ஆசிரியராகவேண்டும் என்பவர்களுக்கு அது அவசியம், மற்றவர்களுக்கு இல்லை. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவெல்லாம் அழுதேன். பணம் போனதைவிட, இந்த மொழியில் என் நிலையை விளக்கத் தெரியாததே பெரிய துக்கமாக இருந்தது.

விலகுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. செய்தி அனுப்பிவிட்டு நின்றுவிடக்கூடாது. நேரில் போங்கள், ஒரு நல்ல இனிப்புப் பெட்டியோடு. நிகழ்ச்சிக்கு நெருக்கத்தில் போகாமல், அது முடிந்து கணக்கெல்லாம் தீர்ந்த பிறகு, முடிந்தால் ஆண்டுக் கடைசியில் போங்கள். உடல்நிலை, வேலை என்று ஒரு காரணம் போதும். மேலே விளக்கம் கேட்கமாட்டார்கள். அதே குலத்தில் இன்னோர் ஆசிரியரிடம் மாறுவது மிகச் சிக்கல், மனக்கசப்பு வரும். ஆகவே முதல் ஆசிரியரை அவசரப்படாமல் தேர்ந்தெடுங்கள். நான் போனபோது சென்செய் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய், தான் பயன்படுத்திய ஒரு விசிறியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மேல் எனக்குக் குறை உண்டு, அன்பும் உண்டு. இரண்டையும் இங்கே சொல்லவேண்டும்.

கால் தேறிவந்த நாட்களில், தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார் என்று ஒரு சின்ன அரங்குக்குப் போனேன். பின்னால் ஒரு தங்க நிறத் தடுப்புத் திரை, அதற்கு முன் நரைத்த தலையோடு ஓர் அம்மாள். வெள்ளை பூசாத முகம், ஒரே நிறக் கிமோனோ, கையில் விசிறி. இதுதான் சு-ஒதோரி. காதலனுக்காகக் காத்திருந்து விடிந்துபோன இரவைப் பற்றிய பாட்டு. அவர் அநேகமாக அசையவே இல்லை. ஒரு முறை கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, மடக்கிக்கொண்டார். அவ்வளவு நேரமும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 'நோ' நாடகத்தை வடிவமைத்த ஸெயாமி, மனதைப் பத்துப் பங்கு அசை, உடம்பை ஏழு பங்கு அசை என்று 600 வருடங்களுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். மிச்சம் மூன்று பங்கு எங்கே போகிறது என்று அன்று கண்ணால் பார்த்தேன். அது பார்ப்பவளிடம் வருகிறது. காத்திருக்காதே, ஆடு என்று சென்செய் சொன்னதும் இதைத்தான். இதற்கு விக் வேண்டாம், மெழுகு வேண்டாம், ஒன்றரை லட்ச யென் இசைக்குழுவும் வேண்டாம். முழு வேஷத்தில் ஆடுவது தனி அழகு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதுதான் உச்சம், எளியது தொடக்கநிலை என்ற எண்ணம் தப்பு. தேர்ந்தவர்கள்கூட விரும்பி ஆடும் வடிவம் சு-ஒதோரி. உடை மறைத்துவிடும் பிழைகள் எல்லாம் இதில் அப்படியே வெளியே தெரிந்துவிடும் என்பதால் இது கடினமும்கூட.

இப்போது நான் ஒரு கல்ச்சர் சென்டரில் வேறு குலத்து ஆசிரியை ஒருவரிடம் கற்கிறேன். இந்த மாதிரி இடங்களில் கட்டணம் அச்சிட்ட தாளிலேயே இருக்கும், மேடை கட்டாயமில்லை. பல வார்டு அலுவலகங்களின் சமூகக் கூடங்களிலும் இப்படிக் குழுக்கள் உண்டு. கியோட்டோவில் இருப்பவர்கள் கியோட்டோ ஆர்ட் சென்டரை விசாரியுங்கள். 'நோ', கியோகென் என்ற நகைச்சுவை நாடகம், நிஹோன் புயோ மூன்றுக்கும் வெளிநாட்டினர் சேரக்கூடிய கோடைப் பயிற்சி அங்கே பல வருடங்கள் நடந்திருக்கிறது. கற்கும் எண்ணம் இல்லாமல் பார்க்க மட்டும் விரும்புகிறவர்களுக்கு, டோக்கியோவில் செந்தகாயாவிலுள்ள தேசிய 'நோ' அரங்கில் முன் இருக்கையின் முதுகில் ஆங்கில விளக்கம் ஓடும். ஏப்ரலில் கியோட்டோவின் கியோன் பகுதியில் 1872-இலிருந்து நடந்துவரும் மியாகோ ஒதோரி இருக்கிறது. போன கோடையில் நானும் யுகத்தா நிகழ்ச்சியில் ஆடினேன். உறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 35 ஆயிரம் யென். முழங்கால் ஒத்துழைத்தது. முகம் மட்டும் இன்னும் சில இடங்களில் முந்திக்கொள்கிறது, புது ஆசிரியையும் "அதிகம்" என்றுதான் சொல்கிறார்.

சேரும் முன் இன்னொன்று செய்யுங்கள். மாணவர் நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு நுழைவு இலவசம், இல்லாவிட்டால் ஒரு மாணவியிடம் கேட்டால் அழைப்பு கிடைக்கும். நீங்கள் சேர நினைக்கும் ஆசிரியரின் நிகழ்ச்சிக்குப் போய்க் காலையிலிருந்து உட்காருங்கள். எத்தனை பேர் முழு வேஷத்தில் வருகிறார்கள், எத்தனை பேர் சு-ஒதோரி ஆடுகிறார்கள், அவர்களில் புது மாணவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர்கூட எளிய கிமோனோவில் ஆடவில்லை என்றால், பெயர் கொடுப்பதற்கு முன் இன்னும் ஓரிடம் பார்த்துவிட்டு வாருங்கள்.